பூரான் எந்தப் பக்கம் ஏறுகிறது?

எடப்பாடி வட்டாரத்தில் பச்சமுத்துவைத் தெரியாத மாடு கிடையாது. மனிதர்களில் நாலைந்து பேருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்கள் கோழிப்பண்ணைக்காரர்களாக இருப்பார்கள். மாட்டுத் தரகு அவர் தொழில். ஆனால் அவருக்கென்று ஒரு கன்றுக்குட்டி கூடக் கிடையாது. கேட்டால், "பந்தல்காரன் தெனமும் கல்யாணமா பண்ணிக்கறான்?" என்பார்.

படிப்பு ஒன்பதாவதோடு நின்றுபோனது. பட்டிக் கிடாயின் கழுத்து மணியை அவிழ்த்துத் தலைமையாசிரியர் சைக்கிளின் அடியில் கட்டிவிட்டார். வாத்தியார் வந்த வழியெல்லாம் மணி குலுங்க, மந்தை மொத்தமும் பின்னாலேயே வந்து பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தது. ஆடுகளை வெளியே விரட்டினார்கள். கூடவே பச்சமுத்துவையும். ஆடுகளாவது அடுத்த நாள் வேலிச் சந்து வழியாக உள்ளே போய்ப் பார்த்தன. இவர் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்தக் காலத்துத் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். பச்சமுத்து வாட்ஸ்அப்பில் பேசுகிறார். 'மாட்டு உறவுகள்' என்று ஒரு குரூப். மாட்டின் படத்தைப் போட்டால் வாழப்பாடியிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் ஆள் கேட்பார்கள். முதல் கேள்வி பால் எவ்வளவு என்று இருக்காது. "சுழி எப்படீங்க?" என்றுதான் இருக்கும்.

சுழி என்பது மாட்டின் உடம்பில் மயிர் சுழித்து நிற்கும் இடம். நல்ல இடத்தில் நல்ல விதமாகச் சுழித்திருந்தால் வீடு விளங்கும். தப்பான இடத்தில் இருந்தால் வாங்கினவர் வீட்டில் பால் திரியும், பம்புசெட் புகையும், மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போவார். இதிலும் பூரான் சுழி என்று ஒன்று உண்டு. முதுகுத்தண்டின்மேல் பூரான் ஊர்வதுபோல நீளமாக மயிர் விலகி நிற்கும். பூரானின் தலை மாட்டின் தலையைப் பார்த்து இருந்தால் ஏறுபூரான். வாங்குகிறவர் வாழ்வும் ஏறும். வாலைப் பார்த்து இருந்தால் இறங்குபூரான். அதற்கப்புறம் அந்த மாட்டை அடிமாட்டு லாரிக்காரர் மட்டும்தான் ஏறெடுத்துப் பார்ப்பார்.

சிக்கல் என்னவென்றால் பச்சமுத்துவின் போன் நல்ல போன். நல்ல போன் மூஞ்சியில் இருக்கிற பருவை எல்லாம் தானாகவே துடைத்துவிடும். அதற்கு மனிதத் தோலும் தெரியாது, மாட்டுத் தோலும் தெரியாது. எந்த மாட்டை எடுத்தாலும் விளக்கெண்ணெய் தடவிப் படிய வாரிவிட்ட மாதிரி வழவழவென்று காட்டியது. மாடு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கும், சுழி மட்டும் இருக்காது.

அப்போதுதான் மச்சினனின் பழைய கேமரா கைக்கு வந்தது. போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போய்வந்தபோது வாங்கினது. சட்டைப்பையில் அடங்குகிற வெள்ளிநிறச் சின்னக் கேமரா. "போன் இருக்கறப்ப இது எதுக்குங் மாமா, நீங்களே வெச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டுப் போனான்.

பச்சமுத்து சும்மா வாங்கி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற கை அது. கேமராவுக்கும் பல் பார்த்தார். வாசலில் நின்று சுவரிலிருந்த நாள்காட்டியை எடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தால் ராகுகாலத்துப் பொடி எழுத்து வரைக்கும் படிக்க முடிந்தது. கொட்டகை நிழலில் எடுத்தார்; படம் பூராவும் ராகி மாவு தூவின மாதிரி புள்ளி. பளிச்சென்று விளக்கு அடிக்கவிட்டு எடுத்தார். பக்கத்து வீட்டுச் செவலை மாடு வெள்ளை மாடாகி, முதுகில் டியூப்லைட் எரிந்தது. பொத்தானில் ஒரு பூப்படம் போட்டிருந்தது. அதை அமுக்கிவிட்டுக் கிட்டத்தில் கொண்டுபோனால் எறும்பு என்ன யோசிக்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆக, காலை வெயில், பூப்படம், விளக்கு வேண்டாம். இது தெரிந்ததும் கடைசிச் சோதனைக்கு மனைவி ரஞ்சனியைக் கூப்பிட்டார்.

"எந்தலை உச்சிய ஒரு போட்டோ எடு. மயிரு தனித்தனியா தெரியுதான்னு பாக்கோணும்."

"இருக்கறதே தனித்தனியாத்தான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே ரஞ்சனி எடுத்தார். படத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, என்னுங்க இது? ரெண்டு சுழி இருக்குது?"

தலையில் இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்பது ஊரறிந்த சேதி. பச்சமுத்து உச்சியைத் தடவிக்கொண்டார்.

"அது... ஒண்ணு தேஞ்சு போன சுழி."

"தேயலீங்க. பளபளன்னு இருக்குது. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பன் ஜாதகம் பாத்தாரு, சொத்துப் பாத்தாரு, தலையக் குனிய வெச்சுப் பாக்கல பாருங்க!"

அன்று மத்தியானம் குழம்பில் உப்பு இல்லை. ஆனால் பச்சமுத்துவுக்கு வருத்தமே இல்லை. சொந்த மண்டையில் ஐம்பது வருடமாகத் தெரியாத சுழியைக் காட்டிய கேமரா, எவன் மாட்டில்தான் காட்டாது? அன்றைக்கே குரூப்பில் பேசிப் போட்டார்: "உறவுகளே, இனிமே நம்ம படத்துல சுழி கண்ணாடியாட்டத் தெரியும். மனுசன் பொய் சொல்லுவான், போனு பொய் சொல்லும், பச்சமுத்து கேமரா பொய் சொல்லாது!"

இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆத்தாயி பக்கத்துக் காட்டுக்காரர். தனியாள். ஒரே ஒரு செவலைப் பசு. அதற்குப் 'பூவு' என்று பெயர். ஆத்தாயிக்கு மூட்டு தேய்ந்துபோய்ச் சேலத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்கப்புறம் திருப்பூரில் மகன் வீட்டில் இருந்தாக வேண்டும். மகன் வீடு மூன்றாவது மாடி. பூவு படியேறாது.

"விக்கறதுன்னு ஆயிப்போச்சு சாமி" என்றார் ஆத்தாயி. "வெலை முன்னப்பின்ன இருந்தாலும் தொலையுது. கட்டி வெச்சுப் பாக்கற ஊடாப் பாரு. அந்த லாரிக்கு மட்டும் போயிறக் கூடாது. வேற எதும் நான் கேக்கல."

"பெரீம்மா, என்ற கேமரா எதுக்கு இருக்குது? வாழப்பாடியில சபரிநாதன்னு ஒரு தம்பி, நல்ல காடு தோட்டம், நல்ல குடும்பம். ஏறுபூரான் மாடுன்னா கண்ண மூடீட்டு ஓட்டீட்டுப் போயிருவாங்க."

பூவுக்கு ஏறுபூரான் இருந்தது உண்மை. படம் எடுக்க அது விட்டதா என்றால் விடவில்லை. கேமராவைக் கண்டதும் அது தவிடு என்று நினைத்துவிட்டது. பச்சமுத்து வால் பக்கம் போனால் தலையைத் திருப்பிக்கொண்டு வந்தது. இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் சுற்றியது. கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி இரண்டு பேரும் கும்மியடித்தார்கள். ஒருவழியாக ஆத்தாயி புண்ணாக்கைக் காட்டிப் பிடித்து நிறுத்த, கிடைத்த இடத்தில் நின்று முதுகின்மேல் கேமராவை நீட்டி அமுக்கினார். படம் அப்படி ஒரு படம். ஒவ்வொரு மயிரும் தனியாக எண்ணிக்கொள்ளலாம். கார்டைப் போனில் சொருகி, பெருமையோடு குரூப்புக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனார்.

குரூப்பில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சுழிப் படத்தில் மேல்பக்கம்தான் மாட்டின் தலை, கீழ்ப்பக்கம் வால். எல்லோரும் அப்படித்தான் எடுப்பார்கள், அப்படித்தான் படிப்பார்கள்.

டீ ஆறுவதற்குள் முதல் தீர்ப்பு வந்துவிட்டது. குரூப் தலைவர் தீனதயாளனின் குரல். அவர் மீசைக்கும் அவருடைய பொலிகாளைக்கும் அந்த வட்டாரத்தில் பெரிய பெயர். காளை சுற்றுவட்டார மாடுகளுக்கெல்லாம் மாப்பிள்ளை. இவர் அத்தனை பேருக்கும் சம்பந்தி மாதிரி நடந்துகொள்வார்.

"ஏனப்பா பச்சமுத்து, இது இறங்குபூரானாச்சே! தலை கீழ பாத்துக் கெடக்குது. இதையப் போயி நல்ல மாடுங்கறே? ஆனா ஒண்ணு, உன்ற கேமராவ மெச்சிக்கறேன். பொய் சொல்லாதுன்னு சொன்னே, சொல்லல."

அதன்கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். "ஆமாங்க இறங்குபூரான்." "பாவம் ஓனர்." "கேமரா என்ன விலைங்க?" கடைசியாகச் சபரிநாதனின் செய்தி: "அண்ணே, அம்மா வேணாம்னுட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

பச்சமுத்து வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். பூவின் பின்னால் நின்று முதுகில் விரலை ஓட்டினார். பூரான் சந்தேகமில்லாமல் தலையைப் பார்த்துத்தான் ஏறிக்கொண்டிருந்தது. கேமராவின் சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்தார். கீழ் ஓரத்தில், மயிரின்மேல் வளைவாக ஒரு நிழல் விழுந்திருந்தது. கொம்பின் நிழல். கும்மியடித்த குழப்பத்தில் தலைப்பக்கம் நின்று வாலைப் பார்த்து எடுத்திருக்கிறார். படம் தலைகீழ்.

அவர் திரும்பியபோது ஆத்தாயி நின்றிருந்தார். யாரோ போனில் படத்தைக் காட்டி அவருக்கும் சேதி சொல்லிவிட்டிருந்தார்கள். திட்டியிருந்தால் பச்சமுத்துவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீ என்ன சாமி பண்ணுவே" என்றார் ஆத்தாயி. "இத்தனை வருசமா இவ முதுகத் தேச்சு உடறேன், எனக்கே தெரியல பாரு. போட்டோவுல எவ்வளவு சுத்தமாத் தெரியுது."

"பெரீம்மா, போட்டோதான் தப்பு. படத்தத் திருப்பிப் போட்டுட்டனுங்க."

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்லாத சாமி. அந்தக் கேமரா பொய் சொல்லாதுன்னு நீதான சொன்னே?"

பூவு பச்சமுத்துவின் சட்டைக் காலரை நக்கியது.

படத்தைத் திருப்பி மறுபடி போட்டார். "மொதல்ல போட்டதுதான் மாடு, இப்பப் போட்டது தரகரு" என்று ஒருவர் எழுதினார். கொம்பு நிழலை வட்டம் போட்டுக் காட்டினார். கேமராவில் கத்தி மாதிரி இருந்த நிழல், வாட்ஸ்அப் வழியாகப் போனதில் இளைத்துச் சாணிக்கறையாகிவிட்டது. கொம்பும் வாலும் சேர்ந்து வருகிற மாதிரி தள்ளி நின்று எடுத்தார். மாடு வந்தது, சுழி வரவில்லை. ஏணிமேல் ஏறி எடுத்ததில் எல்லாமே வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா வருதுன்னா ஒட்டு வேலைங்க" என்றார்கள். மங்கலாக இருந்தால் தெரியவில்லை, தெளிவாக இருந்தால் நம்பவில்லை. நேரில் வந்து பாருங்கள் என்றால், இறங்குபூரான் மாட்டைப் போய்ப் பார்ப்பதே ஆகாது என்றார்கள்.

மறுநாள் லாரிக்காரர் ஆத்தாயிக்கே போன் செய்தார். சேலம் போகிற நாள் நெருங்கிவிட்டது. ஆத்தாயி சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பூவுக்குத் தவிட்டில் கொஞ்சம் வெல்லம் சேர்த்துக் கரைத்து வைத்தார் என்று ரஞ்சனி வந்து சொன்னார். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பச்சமுத்து வெறும் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்தால் யாருக்கோ கேடு வரப்போகிறது என்று ரஞ்சனிக்குத் தெரியும்.

"யாரு தலைய உருட்டப் போறீங்க?"

"தீனாண்ணன் ஊட்டுக்குப் போயிட்டு வாரேன். கேமராவ இன்னொருக்காச் சோதிக்கோணும்."

தீனதயாளன் சந்தோஷமாக வரவேற்றார். அவருடைய காளையும் ஏறுபூரான்தான். ஆனால் இதுவரை எந்தப் போனும் அதை ஒழுங்காகப் படம் பிடித்ததில்லை என்பது அவருக்கு ஒரு குறை.

"அண்ணா, மாடு கெட்டதா இருக்கலாம், கேமரா நல்லதுதானுங்களே? உங்க காளைய ஒரு படம் எடுத்துப் பாக்கறனுங்க."

"எடு, எடு. இரு, நான் வேட்டி மாத்தீட்டு வாரேன்."

"முதுகு மட்டுந்தானுங்ணா."

"பரவால்ல, கையி வரும்ல?"

வந்தது. சிங்க மோதிரம் போட்ட விரலால் பூரானின் தலையைத் தொட்டுக் காட்டிக்கொண்டே நின்றார். பச்சமுத்து காலை வெயிலில், பூப்படத்தை அமுக்கி, விளக்கை அணைத்து, நிதானமாக எடுத்தார். இந்த முறை நிற்க வேண்டிய பக்கத்தில் நின்றுதான் எடுத்தார். வரும் வழியில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, போனில் விரலையும் மோதிரத்தையும் வெட்டிவிட்டு, படத்தைத் தலைகீழாகத் திருப்பி, குரூப்பில் போட்டார்.

"உறவுகளே, பேர் சொல்ல விரும்பாத ஒருத்தர் காளை. சுழி பாத்துச் சொல்லுங்க."

சொன்னார்கள். கூட்டம் முழுவதும் முந்திக்கொண்டு இறங்குபூரான் என்று சொன்னது. கொஞ்ச நேரத்தில் தலைவரே வந்தார்.

"ஏனுங்க, இதையெல்லாம் குரூப்புல போடலாமுங்களா? பாத்ததுமே தெரியுது, படுமோசமான இறங்குபூரான். இந்தக் காளையக் கட்டுன தறியில புல்லு மொளைக்காது. வெச்சிருக்கறவன் ஊட்டுல அடுப்பு எரியாது. அவன் ஆரா இருந்தாலும் சொல்லுங்க, பொழுதுக்குள்ள ஓட்டி உட்டுப்போட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்திக்கச் சொல்லுங்க."

பச்சமுத்து அந்தக் குரலை இரண்டு முறை கேட்டார். சங்கீதம் மாதிரி இருந்தது. எல்லோரும் கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து, வெட்டாத படத்தைத் திருப்பாமல் போட்டார். விரல். மோதிரம். மோதிரத்தில் சிங்கத்தின் பல் வரைக்கும் தெரிந்தது.

முதலில் யாரோ ஒரு புண்ணியவான் சிரிக்கிற மூஞ்சியை ஒன்றே ஒன்று போட்டார். அதன்பின் மடை திறந்தது.

தீனதயாளன் தன் குரலை அழித்துப் பார்த்தார். ஆனால் அது அதற்குள் மேட்டூர், ஓமலூர் எல்லாம் தாண்டிப் போய்விட்டிருந்தது. புல்லட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பச்சமுத்து வீட்டுக்கு வந்தார். வாசலில் ரஞ்சனி.

"வாங்கண்ணா, வாங்க. தலைக்குத் தண்ணி ஊத்தீட்டுத்தான் வாரீங்களா?"

"எங்கம்மா அவன்? டேய், பச்சா! என்ற காளைய நாறடிச்சுப் போட்டியேடா! எடப்பாடியில இருந்து கேக்கறானுக, 'அண்ணா, அடுப்பு எரியுதா'ன்னு! நாளைக்கு எவன்டா மாட்ட ஓட்டீட்டு வருவான்?"

பச்சமுத்து வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நாறடிச்சது நானுங்ணா, ஒத்துக்கறேன். ஆனா நானு படத்தத்தான் போட்டேன். அடுப்பு எரியாதுன்னு சொன்னது ஆருங்க?"

"நீ தலைகீழாப் போட்டா நான் என்னத்தக் கண்டேன்?"

"அதத்தானுங்ணா நானும் மூணு நாளாச் சொல்றேன்."

தீனதயாளனின் மீசை ஒரு பக்கம் மட்டும் ஆடியது.

"உங்க காளை நல்லதுன்னா, திருப்பிப் போட்டா நல்ல மாடும் கெட்டதாத் தெரியும்னு அர்த்தம்" என்றார் பச்சமுத்து. "அப்ப ஆத்தாயி மாடும் நல்லது. இல்ல, ஆத்தாயி மாடு கெட்டதுதான், படம் பாத்துச் சொன்னது சொன்னதுதான்னா, உங்க காளைக்கும் அதே தீர்ப்புதானுங்க. ரெண்டும் ஒரே கேமரா. எது வேணுமோ நீங்களே சொல்லுங்க. நீங்கதான தலைவரு."

ரஞ்சனி ஒரு சொம்பு மோரை நீட்டினார். தீனதயாளன் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு யோசித்தார். அந்தக் கிழவியின் மாட்டுக்காக அவர் போன் எடுத்திருக்க மாட்டார். காளைக்காக எடுத்தார். எதற்காக எடுத்தாரோ, எடுத்தார்.

"தம்பி சபரிநாதா, நான் தீனதயாளன் பேசறேன். அந்தச் செவலை மாடு... ஆமா, ஏறுபூரான். சுத்தமான ஏறுபூரான். நானே நேர்ல பாத்தேன்." இங்கே பச்சமுத்து இருமினார். "பாக்கப் போறேன், இப்பவே போறேன். தப்பு மாட்டுமேல இல்ல தம்பி. படம் புடிச்ச மடையன் மேல."

"சத்தமாச் சொல்லுங்ணா" என்றார் பச்சமுத்து. "குரூப்புலயும் சொல்லுங்க. நானே சொல்லிர்றேன்." போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, அத்தனை பேருக்கும் பேசினார்: "உறவுகளே, கேமரா பொய் சொல்லாதுதான். புடிச்ச கை சொல்லும். கை என்றதுங்க. என்ற படத்த நம்பாட்டிப் போனாப் போகுது, ஆத்தாயி பெரீம்மா மாட்ட வந்து பாத்துப்போட்டு வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் பெயரில் அது பெரிய ஓட்டைதான். அந்த வாரம் அவரிடம் வந்த ஒவ்வொருவரும் "எந்தப் பக்கம் தலைங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். குரூப்பிலும் புதுச் சட்டம் வந்தது: சுழிப் படத்தில் மாட்டின் திமிலோ, மனிதன் கையோ தெரிய வேண்டும், கையென்றால் மோதிரம் இல்லாத கை.

சபரிநாதன் அம்மாவோடு குட்டியானை லோடு வண்டியில் வந்து இறங்கினார். அந்த அம்மாள் பச்சமுத்துவின் கேமராவை ஒரு பார்வை பார்த்தார், அதை வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வரச் சொன்னார். அதற்கப்புறம்தான் மாட்டின் பக்கத்தில் போனார். முதுகைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். கடைசியில் ஆத்தாயியைப் பார்த்துக் கேட்டார்.

"ஒதைக்குமா?"

"காதுக்குப் பின்னால சொறிஞ்சு உட்டா என்ன வேணாப் பண்ணிக்கலாமுங்க. சொறியலீனா ஒதைக்க மாட்டா, கோவிச்சுக்குவா. தண்ணி குடிக்க மாட்டா."

"எங்க மாமனாரும் அப்படித்தான் இருந்தாரு" என்றார் வாழப்பாடி அம்மாள். "ஏத்துப்பா வண்டியில."

வண்டியில் வைக்கோல் விரித்திருந்தார்கள். ஆத்தாயி அதைக் கையால் கிளறி முள் இருக்கிறதா என்று பார்த்தார். பழைய மூக்கணாங்கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு, புதுக்கயிற்றோடு கொடுத்தார். காதுக்குப் பின்னால் எந்த இடம் என்று சபரிநாதனின் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். அப்புறம் பச்சமுத்துவைத் தேடினார்.

"சாமி, அந்தக் கேமராவுல ஒரு போட்டோ எடுத்துக் குடு. திருப்பூருக்குக் கொண்டுபோறேன்."

பச்சமுத்து வேலியோரம் ஓடிப் போய் எடுத்து வந்தார். பழக்கதோஷம், முதுகுப் பக்கம் போனார்.

"முதுகு ஆருக்கு வேணும்? மொகத்த எடு."

முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார். பூவுக்கு அது இன்னமும் தவிடுதான். அமுக்குவதற்கும் அது நாக்கை நீட்டுவதற்கும் சரியாக இருந்தது. படம் பூராவும் நாக்கு. கொஞ்சம் மூக்கு. மேலே ஒரே ஒரு கண். காலை வெயில் சரியாக விழுந்து, நாக்கின் சொரசொரப்பில் ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்தக் கேமரா அதுவரை எடுத்ததிலேயே தெளிவான படம்.

"இன்னொண்ணு எடுக்கறனுங்க பெரீம்மா" என்று கேமராக் கண்ணாடியைச் சட்டையில் துடைக்கப் போனார்.

"வேண்டாம், வேண்டாம்" என்று ஆத்தாயி கேமராவை அவர் கையிலிருந்து வாங்கி, முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பச்சமுத்துதான் அது வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். வெயிலில் கண் கூசியதால் இரண்டு முறை துடைத்துக்கொண்டார்.

"இதையப் பெரிசாப் பண்ணறதுக்கு எதைய அமுக்கோணும் சாமி?" என்று கேட்டார் ஆத்தாயி.